பிரஷர் 210 என்றால் எந்தக் கோட்?

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்களைப் பார்த்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய ஐசிடி-10 கோட் போடுகிற எனக்கு அடிக்கடி எரிச்சல் தருவது, பிரஷர் ஆபத்தான அளவுக்கு ஏறுகிற ‘ஹைப்பர்டென்சிவ் கிரைசிஸ்’ நிலைக்கான இந்த ஐ16தான். 210/125 என்று கண்டவுடன் புதிதாக வந்த பிள்ளைகள் ஐ16.1 போட்டுவிடுகிறார்கள். எண்ணைப் பார்த்து நாங்கள் முடிவெடுக்க ஏலாது, டொக்டர் என்ன எழுதினார் என்பதுதான் கணக்கு. மூளை, இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது பாதிக்கப்பட்டு அவர் எமர்ஜென்சி என்று எழுதினால் ஐ16.1, உறுப்புப் பாதிப்பு இல்லாத அர்ஜென்சி என்றால் ஐ16.0, வெறும் கிரைசிஸ் என்று விட்டிருந்தால் ஐ16.9. 2016 அக்டோபரில் வந்த கோட்கள், இன்னும் குழப்பம் தீரவில்லை! அப்புறம், ஐ16 மட்டும் போட்டால் போதாது, ஐ10 மாதிரி அடிப்படை பிரஷர் கோடும் கூடவே வேண்டும். சார்ட்டில் தெளிவில்லையா, ஊகிக்காமல் டொக்டருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள்.