விஷன்சர் முதல் கங்காபல் வரை: ஏரி நடைக் குறிப்புகள்

ஜூலை 18, சோனாமார்க்

காஷ்மீர் மலை ஏரிகளை ஒட்டிய நடை நாளைக் காலை இங்கிருந்து தொடங்குகிறது. ஸ்ரீநகரிலிருந்து 80 கி.மீ.தான், ஆனால் அமர்நாத் யாத்திரை வண்டிகளும் இதே சாலையில் பால்தல் போகின்றன. ஜூலையில் வருபவர்கள் அரை நாள் ஒதுக்கிவிடுவது நல்லது. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் இங்கே உயிரற்ற அட்டை. போஸ்ட்பெய்ட் வேண்டும், அதுவும் மேலே ஏறினால் சிக்னல் போய்விடும். அசல் ஆதாரோடு நகல்களும் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் ராணுவ முகாம்களில் கேட்பார்கள். கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஸ்ரீநகரில் வாங்கும்போது திருகும் வகையா, குத்தும் வகையா என்று கடையிலேயே அடுப்பில் மாட்டிப் பார்த்துவிடவும்.

ஜூலை 19, நிச்நை

முதல் இரண்டு மணி நேரம் செங்குத்தான ஏற்றம், பிறகு பூர்ஜ (birch) மரக்காடு, அதன்பின் ஓடையோரமாகப் பாறைகள். ஓடைமேல் இன்னும் பனிப்பாலங்கள் கிடக்கின்றன. மேலே கெட்டியாகத் தெரியும். அடியில் தண்ணீர் அரித்து வைத்திருக்கும். காலுக்குக் கீழே ஓடைச் சத்தம் கேட்டால் சுற்றிப் போவதே சரி. பனிக்குள் துருத்தும் பாறையை ஒட்டியும் மிதிக்கக் கூடாது. வெயிலில் பாறை சூடேறி, சுற்றிலும் பனி உருகிப் பொந்தாகியிருக்கும்.

ஜூலை 20, விஷன்சர்

நிச்நை கணவாய் சுமார் 4,100 மீ. இறங்கினால் நீளமான புல்வெளி, அதன் கோடியில் ஏரி. எல்லோருக்கும் கரையிலேயே டென்ட் போட ஆசை. படத்துக்கு அழகு, தூக்கத்துக்குக் கேடு. இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். கரையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, கொஞ்சம் மேட்டில் போட்டால் குளிரும் குறையும், ஏரியும் அழுக்காகாது.

விடிகாலையில் டென்ட்டுக்குள் சொட்டினால் மழை ஒழுகுகிறது என்று பதற வேண்டாம். அது நம் மூச்சுதான். வெளித்துணி குளிர்ந்ததும் மூச்சின் ஈரம் அதில் முத்துமுத்தாகப் படியும். உள்துணி அதைத் தொட்ட இடத்தில் ஸ்லீப்பிங் பேக் நனையும். முளைகளை வெளிப்பக்கமாக இழுத்து அடித்து, இரண்டு துணிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடவும். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்பை மூடவே கூடாது.

ஜூலை 21, விஷன்சர் (ஓய்வு)

ஓய்வு என்றாலும் மேலேயுள்ள கிஷன்சர் ஏரி வரை ஏறி இறங்கினால் உடம்பு உயரத்துக்குப் பழகும். இங்கே தண்ணீர் 88 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வெளியே குழைந்து உள்ளே அரிசியாக நிற்கும். குக்கர் இல்லையென்றால் சேமியா, ரவை, அவல்.

தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் இருந்தால் இங்கிருந்தே திரும்ப வேண்டும். நாளைய கணவாயைத் தாண்டிவிட்டால் எந்தப் பக்கம் இறங்குவதானாலும் நாள்கணக்காகும். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட நினைப்பவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும், குறிப்பாக சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள்.

ஜூலை 22, காட்சர்

பாதையிலேயே உயரமான கணவாய் இதுதான்: ஏறத்தாழ 4,200 மீ. காலை ஆறுக்குக் கிளம்பினால் பத்துக்குள் உச்சி. மதியத்துக்கு மேல் மழை மேகம் சேரும். இறக்கத்தில் பனி இருந்தால் குதிகாலைக் குத்தி இறங்கவும்.

ஓடைகளுக்கும் காலைதான் நல்ல நேரம். பகலெல்லாம் உருகிய பனி சாயங்காலம் வந்து சேரும். காலையில் கணுக்கால் ஆழம் இருந்த இடத்தில் அப்போது முழங்கால் வரை இழுக்கும். கடக்குமுன் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பையை உதறலாம். வெறுங்காலோடு இறங்கினால் அரை நிமிடத்தில் பாதம் மரத்துவிடும், கல் எங்கே என்றே தெரியாது. வார் வைத்த சாண்டல் போட்டு, முகத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, கோலை முன்னால் ஊன்றிப் பக்கவாட்டில் நகரவும். ஒரு நேரத்தில் ஒரு கால்தான்.

ஜூலை 23, சத்சர்

சின்ன நடை. சத்சர் என்றால் ஏழு ஏரி. கோடை முடிவில் சில வற்றிவிடும்.

ஜூலை 24, நந்த்கோல்

சத்சரைத் தாண்டியதும் ஆளுயரப் பாறைக் குவியல். ஈரமானால் வழுக்கும்; கோலை மடக்கிப் பையில் செருகிவிட்டுக் கையை ஊன்றிப் போவதே மேல். சஜ் கணவாயின் உச்சியில் கங்காபல், நந்த்கோல் ஏரிகள் ஒன்றாகத் தெரிகின்றன, பின்னால் ஹர்முக் சிகரம் (5,142 மீ). இந்த நடையின் சிறந்த காட்சி எது என்று கேட்டால் இதையே சொல்வேன்.

ஜூலை 25, நாரநாக்

ஒரே நாளில் 1,200 மீட்டருக்கு மேல் இறக்கம். நேற்றிரவே கால் நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் பூட்ஸ் முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் நழுவாது. பைன் காட்டில் உதிர்ந்த ஊசியிலைகள் பாறையைவிட மோசமாக வழுக்கும்.

டென்ட்டை ஈரத்தோடு மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்பூச்சு பிசுபிசுத்து உரியும். ஸ்ரீநகர் விடுதி மொட்டை மாடியில் ஒரு மணி நேர வெயில் போதும்.