சிக்னலில் நடுங்கிய மாருதி

அப்பா 1997-இல் வாங்கிய மாருதி 800 இன்றும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது அதை நான் ஓட்டுகிறேன். சென்ற கோடையில் அது ஒரு புதிய பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. காலையில், குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துக் கலவையை அடர்த்தியாக்கும் சோக்கை இழுத்து எழுப்பினால் சமர்த்தாக ஓடும். கோவை காந்திபுரம் சிக்னலை அடைவதற்குள் இன்ஜின் சூடேறியிருக்கும், சோக்கையும் உள்ளே தள்ளியிருப்பேன். அங்கே நின்ற மாத்திரத்தில் ஸ்டீயரிங் கையில் உதறத் தொடங்கும், பச்சை விளக்கு விழுவதற்குச் சற்று முன்னால் இன்ஜின் அணைந்துபோகும். பின்னால் நிற்பவர்களின் ஹாரனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கிளம்பி மூன்றாவது கியருக்குப் போய்விட்டால், அப்படி ஒரு குறை இருந்ததாகவே தெரியாது.

இரண்டு பட்டறைகளில் காட்டினேன். இரண்டிலும் ஒரே வைத்தியம்தான் நடந்தது: காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், பிளக்குகளை மாற்றினார்கள், கடைசியாக ஸ்லோ ஸ்க்ரூவை முடுக்கி இன்ஜினின் சுற்றை ஏற்றிவிட்டார்கள். ஏற்றியதும் வண்டி அணையவில்லை என்பது உண்மை. ஆனால் ரிவர்ஸ் கியர் போடும்போதெல்லாம் பற்கள் உரசி அலறின, பெட்ரோல் செலவு கூடியது, பத்து நாள் கழிந்ததும் பழைய நடுக்கம் திரும்பியது. ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றுவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவதைப் போன்றதென்று இப்போது சொல்ல முடிகிறது. அன்றைக்கு அது எனக்கும் விளங்கவில்லை.

நிற்கும்போது மட்டும் தடுமாறி, ஓடும்போது தெளிந்துவிடுகிறது என்ற அந்த ஒரு அறிகுறியே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, கார்புரேட்டரில் காற்றின் வாசலைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கிறது. பிஸ்டன்கள் கீழே இறங்கிக் காற்றை இழுக்கின்றன, வாசலோ அடைபட்டிருக்கிறது. ஆகவே கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உண்டாகிறது. நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜினில், கடல் மட்டத்தில், வாக்குவம் கேஜ் இந்த இடத்தில் 17 முதல் 21 அங்குலம் வரை பாதரச அளவைக் காட்டும். அந்த நேரத்தில் மேனிஃபோல்டிலோ அதில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாய்களிலோ எங்கேனும் ஓட்டை இருந்தால், வெளிக்காற்று அதன் வழியாகச் சீறிக்கொண்டு நுழைகிறது. இந்தக் காற்று கார்புரேட்டர் வழியாக வராததால் அதற்கு உரிய பெட்ரோல் அதனோடு சேர்வதில்லை. கலவை நீர்த்துப்போகிறது, சில சுழற்சிகளில் தீப்பிடிக்க மறுக்கிறது.

ஒரு சிறு ஓட்டைக்கு இத்தனை ஆற்றலா என்ற சந்தேகம் எனக்கு இருந்ததால் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 796 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றும்போது, மேனிஃபோல்டின் குறைந்த அழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டால், அது உள்ளே இழுப்பது நிமிடத்துக்குச் சுமார் 120 லிட்டர் காற்று. இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் ஓட்டை அந்த வெற்றிடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 25 லிட்டரை உள்ளே விடும். அதாவது மொத்தக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு கணக்கில் வராமல் நுழைகிறது. ஐடிலிங்கில் 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று அமைத்திருந்த கலவை 16-ஐத் தாண்டிப் போய்விடுகிறது. அதே வண்டி சாலையில் 3000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 600 லிட்டருக்குக் குறையாமல் காற்றை இழுக்கும். அங்கே அந்த 25 லிட்டர் நான்கு விழுக்காடுதான். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் வெற்றிடமே ஏறக்குறைய மறைந்துவிடுவதால் கசிவும் மறைந்துவிடுகிறது. ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றியபோது வண்டி ஏன் பிழைத்துக்கொண்டது என்பதற்கும் இதுதான் விடை: வாசலை அகலத் திறந்தால் சுவரில் உள்ள விரிசல் பொருட்டாகத் தெரிவதில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் சில பங்க்குகளில் தொடங்கி, இப்போது ஏறக்குறைய எங்கு நிரப்பினாலும் அதுவே வருகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதை எரிக்கக் குறைந்த காற்று போதும். தூய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால் இந்தக் கலப்புக்கு 13.5-க்கு அருகே போதுமானது. புதிய வண்டிகள் ஆக்சிஜன் சென்சாரின் துணையோடு பெட்ரோலைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது; ஆகவே எங்கள் மாருதி எந்தக் கசிவும் இல்லாமலே ஏழெட்டு விழுக்காடு நீர்த்த கலவையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு வண்டி பொறுத்துக்கொண்ட ஒரு மயிரிழை விரிசலை இப்போது பொறுக்க முடியாமல் போனதில் வியப்பில்லை.

மூன்றாவதாகப் போனது உக்கடம் பக்கம் ஒரு மரத்தடிப் பட்டறைக்கு. அங்கிருந்த பெரியவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஏர் கிளீனரை மட்டும் எடுத்துவிட்டு, ஓடும் இன்ஜினில் கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பாதி மூடினார். நடுங்கிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று சீரானது. கையை எடுத்தார், மறுபடி நடுங்கியது. "கார்புரேட்டர்ல ஒண்ணும் இல்லீங்க தம்பி, எங்கியோ ஏர் இழுக்குது. வீட்ல உக்காந்து பொறுமையா நீங்களே தேடுங்க, தேடறதுக்கு எதுக்கு எனக்குக் கூலி" என்றார். வாயை மூடினால் காற்று குறைந்து கலவை அடர்கிறது. அதனால் இன்ஜின் தெளிந்தால் கலவை நீர்த்திருந்தது என்று பொருள். சோக்கைச் சிறிது இழுத்துப் பார்ப்பதும் இதே சோதனைதான். இன்ஜின் திருப்பி வெடித்தால் கை சுட்டுவிடும் என்பதால் என்னைப் போன்றவர்களுக்குச் சோக்கே நல்லது. ஐடில் ஜெட் அடைத்திருந்தாலும் இதே விடைதான் கிடைக்கும் என்பதை மறக்கக் கூடாது. என் வண்டியில் இரண்டு முறை ஜெட்டைக் கழுவியாகிவிட்டதால் அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவைத்தேன்.

தேடுவதற்கு முன்னால் தீப்பொறிப் பக்கம் குற்றமில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பிலேயே சற்று அசையும்; 240 பாகைக்கு ஒருமுறைதான் அதில் தீப்பற்றுகிறது. அந்த அசைவு தாளத்தோடு இருக்கும், நோயின் அசைவில் தாளம் இருக்காது. சைலன்சர் முனையில் ஒரு தாளைப் பிடித்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: நல்ல இன்ஜின் தாளை ஒரே சீராக வெளியே தள்ளும், தீ தவறும் இன்ஜின் இடையிடையே தாளைத் தடுமாற விடும். பிறகு ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வயரில் பழைய பிளக் ஒன்றை மாட்டி அதை இன்ஜின் உடலோடு தொட வைத்துவிட்டுப் பார்த்தேன். எதைக் கழற்றினாலும் சுற்று குறைந்தது. ஆக, முற்றிலும் செத்த சிலிண்டர் எதுவும் இல்லை. பிளக்குகளின் பீங்கான் மூன்றும் இளம்பழுப்பாக இல்லாமல் வெளிறியிருந்தன. ஒன்று மட்டும் வெளிறியிருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் போகும் மேனிஃபோல்ட் கிளையில் இணைப்பை அடைக்கும் பேக்கிங் போயிருக்கும் என்று ஐயப்படலாம். மூன்றும் வெளிறியிருந்தால் கிளைகள் பிரிவதற்கு முன்னால், பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும்.

முதலில் குழாய்கள். மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாய்களைத் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடித்தேன். எதை நசுக்கும்போது இன்ஜின் ஓசை மாறுகிறதோ அந்தக் குழாய்க்கு அப்பால்தான் கசிவு. மேனிஃபோல்டின் வெற்றிடத்தால் பிரேக்கை மிதிப்பதை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் அதற்குப் போகும் தடித்த குழாயை முதலில் பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து உள்ளிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்து, பெடலை மிதித்தபடியே இன்ஜினைக் கிளப்பினால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். பெடலை அழுத்தும்போது காலடியில் சீறலும் இன்ஜினில் தடுமாற்றமும் சேர்ந்து வந்தால் பூஸ்டரின் உள் ரப்பர் கிழிந்திருக்கிறது. அது ஐடிலிங்கோடு நிற்கும் விஷயமல்ல, பிரேக்கைப் பற்றியது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டெல்கோவின் (டிஸ்ட்ரிபியூட்டர்) பக்கவாட்டில் இருந்து, வெற்றிடத்தைக் கொண்டு தீப்பொறியின் நேரத்தை மாற்றும் வாக்குவம் டப்பாவைச் சோதிக்கக் கருவியே தேவையில்லை. அதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்தால் அது நாக்கைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். பல கார்புரேட்டர்களில் இந்தக் குழாய் த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே இணைந்திருப்பதால் ஐடிலிங்கில் அதில் வெற்றிடமே இருக்காது; டப்பா கிழிந்திருந்தாலும் நிற்கும்போது நடுக்கம் தராமல் ஓடும்போதுதான் இழுவையைக் குறைக்கும். என் வண்டியில் டப்பா நன்றாகத்தான் இருந்தது.

மேனிஃபோல்டின் அடியில், பயன்படாத ஒரு சிறு முனையை மூடியிருந்த ரப்பர் மூடி நகம் பட்டதும் பிளந்தது. விரலால் அந்த முனையை அடைத்தேன், நடுக்கம் பாதி குறைந்தது. புதிய மூடி மாட்டி, பெரிய மருத்துவரைப் போல வண்டியைத் துடைத்து நிறுத்தினேன். இந்த இடத்தில் செய்த பிழைதான் எனக்கு மேலும் மூன்று வாரங்களை வாங்கிக்கொண்டது. பாதி குறைந்ததை முழுதும் குறைந்ததாக எடுத்துக்கொண்டேன். ஒரு கசிவு கிடைத்ததும் இன்னொன்று இருக்கலாம் என்று நினைக்கவே இல்லை.

அந்த மூன்று வாரங்களுக்குள் ஊட்டிக்கு ஒருமுறை போய்வந்தோம். கீழே நடுங்கிய வண்டி மேலே சேரிங் கிராஸில் அழகாக நின்று ஓடியது. குளிர்ச்சிதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்பளித்தார்கள். உண்மையில் ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டர் தானாகவே கலவையை அடர்த்தியாக்கிவிடுகிறது, கசிவால் நீர்த்ததை உயரம் ஈடுசெய்துவிடுகிறது. வண்டி இன்னும் நீர்த்த கலவையில்தான் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. போகிற போக்கில் ஒன்று: மலையில் வாக்குவம் கேஜை மாட்டிப் பார்த்து யாரும் பதற வேண்டாம்; ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் அளவு குறையும் என்பதால், கோவையில் 17 காட்டும் நல்ல இன்ஜின் ஊட்டியில் 11-ஐத்தான் காட்டும்.

திரும்பி வந்ததும் தண்ணீர்ச் சோதனை செய்தேன். கார்புரேட்டர் கிளீனரைப் பீச்சிப் பார்ப்பதைப் பலரும் சொல்வார்கள். கசிவுள்ள இடத்தில் அது உள்ளே இழுக்கப்பட்டதும் இன்ஜின் வேகம் மாறும், முறை என்னவோ சரிதான். ஆனால் சூடான எக்ஸாஸ்ட்டுக்கு அருகே எரியும் திரவத்தைப் பீச்ச என் மனம் ஒப்பவில்லை. ஊதுபத்திப் புகையை வைத்துத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் கசியும் வாய்ப்புள்ள இடத்தில் கங்கை நீட்டுவது அதைவிட மோசம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, சலூனில் வைத்திருப்பதைப் போன்ற தண்ணீர் தெளிப்பானால், எக்ஸாஸ்ட் மீதும் டெல்கோ மீதும் படாமல், ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் தெளித்துச் சில நொடி காத்திருந்தேன். கார்புரேட்டரும் அதன் அடியில் இருக்கும் கறுப்பு இன்சுலேட்டரும் சேரும் இடத்தில், பின்பக்கத்தில் தண்ணீர் பட்டதும் ஒரு மெல்லிய உறிஞ்சல் கேட்டது. இரண்டு நொடி இன்ஜின் சீராகி மீண்டும் நடுங்கியது. மூன்று முறை தெளித்தும் மூன்று முறையும் அப்படியே.

கழற்றிப் பார்த்தபோது பேக்கிங் புதிதாகவே இருந்தது. குற்றம் கார்புரேட்டரின் அடித்தட்டில். எஃகு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தால், நட்டுகள் அமரும் மூலைகள் கீழே வளைந்து நடுப்பகுதி தூக்கி நின்றது, இடைவெளியை அளக்கும் 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு தாராளமாக நுழைந்தது. கார்புரேட்டரின் உடல் மென்மையான உலோக வார்ப்பு. ஒவ்வொரு முறை கழுவி மாட்டும்போதும் கசியக் கூடாதென்று நட்டுகளை மேலும் மேலும் முறுக்கியதில் மூலைகள் வளைந்துவிட்டன. நோய்க்கென்று செய்த வைத்தியமே நோயைப் பெருக்கியிருக்கிறது.

கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, மண்ணெண்ணெய் தடவி, அடித்தட்டை எட்டு வடிவத்தில் ஒரு மணி நேரம் தேய்த்தேன். முழுப் பரப்பும் ஒரே மினுக்கத்துக்கு வந்ததும், துகள் ஒன்றும் தங்காமல் கழுவி, புதிய பேக்கிங்கோடு மாட்டி, நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, சிறு ஸ்பேனரால், அளவோடு முறுக்கினேன். பிறகு ஸ்லோ ஸ்க்ரூவை இறக்க வேண்டியிருந்தது. கசிவு அடைபட்டதும் இன்ஜின் 1400 சுற்றில் பறந்தது. ஏறக்குறைய 900-க்குக் கொண்டுவந்து நிறுத்திக் கலவை ஸ்க்ரூவைத் திருப்பியபோது இன்ஜின் அதற்கு மறுமொழி சொன்னது. முன்பெல்லாம் அதை எவ்வளவு திருப்பினாலும் எந்த மாற்றமும் இருந்ததில்லை.

ஊசி முறையில் பெட்ரோல் பீச்சும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் வண்டியில் கசிவு கலவையை நீர்க்கச் செய்யும். ஸ்கேனரில், கலவை நீர்த்திருப்பதைச் சொல்லும் பி 0171 என்ற குறியீடு வரலாம், அதை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும் அளவான எரிபொருள் திருத்தம் ஐடிலிங்கில் உயர்ந்திருந்து 2500 சுற்றில் இறங்கினால் கசிவு என்று ஏறக்குறைய உறுதி. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் வண்டியிலோ கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடுவதால் நடுக்கத்தைவிட, இறங்க மறுக்கும் உயர்ந்த ஐடிலிங்தான் பெரும்பாலும் அடையாளம்.

இப்போது காந்திபுரத்தில் வண்டி அணைவதில்லை. த்ராட்டில் ஷாஃப்ட் நுழையும் துளையில் தண்ணீர் தெளித்தால் மட்டும் ஓசையில் ஒரு சிறு மாற்றம் இன்னும் கேட்கிறது. 28 வருடத் தேய்மானம். அதற்கு ஷாஃப்டைக் கழற்றி லேத்தில் கொடுத்துத் துளைக்குள் புஷ் என்ற உள்வளையம் அடிக்க வேண்டும், அதற்காகக் கார்புரேட்டரை மறுபடி இறக்க வேண்டும். ஐப்பசி மழை முடியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.