முதல் கேமுக்கு ஒரு குகையும் நாலு கோப்ளினும் போதும்

"டி அண்ட் டி விளையாடணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது"ன்னு யார் கேட்டாலும் என் பதில் ஒண்ணுதான். ஒரு சின்ன கோட்டை, பக்கத்துல காடு, காட்டத் தாண்டி குகை, குகைக்குள்ள கோப்ளின், அதாவது குட்டி பூதம் மாதிரி ஒரு ஜந்து. அவ்ளோதான். ரொம்ப நாளா விளையாடுற ஆளுங்ககிட்ட இத சொன்னா மூஞ்சி போற போக்க பாக்கணும், "இன்னுமா அதே கோப்ளின் குகை"ன்னு. சரி, அவங்களுக்கு சலிச்சுப் போச்சு, ஒத்துக்கிறேன். புதுசா வர்றவங்களுக்கு எப்படிங்க சலிக்கும்? இத யோசிக்காம, தான் உக்காந்து உருவாக்குன உலகம், அதுல ஏழு சாமி, ரெண்டு நிலா, முந்நூறு வருஷத்து ராஜ வம்ச சண்டைன்னு நாப்பது பக்க பிடிஎஃப்ப வாட்ஸாப்ல போட்டு "ஞாயித்துக்கெழமைக்குள்ள படிச்சிட்டு வந்துருங்க"ன்னு சொல்ற டிஎம்ம, அதாவது கேம நடத்துறவங்கள எல்லாம் பாத்திருக்கேன். ப்ளூ டிக் விழும். ஆள் வராது.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். டி அண்ட் டின்னா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974ல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ரெண்டு பேரும் சேந்து கொண்டு வந்த கேம், அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல லேக் ஜெனிவான்னு ஒரு சின்ன ஊர்லேர்ந்து வந்துச்சு. ஒருத்தர் டிஎம், என்ன நடக்குதுன்னு அவர் சொல்லுவார், மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர வெச்சிக்கிட்டு "நான் இத பண்றேன்"னு சொல்லணும், நடக்குமா நடக்காதான்னு இழுபறியா இருந்தா டைஸ் உருட்டணும்.

நான் சொல்ற அந்த கோட்டையும் குகையும் சும்மா வாய்க்கு வந்தது இல்ல. கைகாக்ஸே எழுதுன 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்'ங்கிற அட்வென்ச்சர், அதாவது டிஎம் வெச்சு நடத்த எடம், ஆளுங்க எல்லாம் எழுதி வெச்ச புக்கு. புதுசா ஆடுறவங்களுக்கான பேசிக் செட் டப்பாவுக்குள்ளயே வெச்சு வித்தாங்க, 1981ல டாம் மோல்ட்வே திருத்தி எழுதுன பேசிக் செட்லயும் இதுதான் இருந்துச்சு, அதனால ஒரு தலைமுறைக்கே முதல் கேம் இதுதான். கதைன்னு பெருசா ஒண்ணும் கெடையாது. எல்லையில ஒரு கோட்டை, உள்ள ஒரு சத்திரம், கடை, கோயில், காசு போட்டு வெக்க ஒரு பேங்க் கூட இருக்கு. வெளிய போனா காடு, சதுப்பு நிலம். அதத் தாண்டி ஒரு பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் பாறையில பொந்து பொந்தா குகை, ஒவ்வொண்ணுலயும் ஒரு பூத கும்பல். கோபோல்ட், ஆர்க், கோப்ளின், ஹாப்கோப்ளின், நோல், ஒரு மினோட்டார், கடைசியா ஒரு கெட்ட கோயில். எந்த குகைக்கு முதல்ல போகணும்னு புக்கு சொல்லாது, அது ஆடுறவங்க இஷ்டம்.

இது ஏன் வேல செய்யுதுன்னா, புது ஆளுக்கு இந்த கேம்ல பயமே ஒரு கேள்விதான், "இப்ப நீங்க என்ன பண்றீங்க?". ராஜ சபையில நாலு பிரபுக்கள் மாறி மாறி சூழ்ச்சி பண்ற சீன்ல ஒருத்தர நிக்க வெச்சு இத கேட்டுப் பாருங்க, பேந்த பேந்த முழிப்பாங்க, ஏன்னா அங்க என்ன பேசலாம், யார பகைச்சிக்கக் கூடாது, எதுவுமே தெரியாது. இருட்டா ஒரு குகை வாசல், உள்ளேர்ந்து ஏதோ கெட்ட நாத்தம், இப்ப கேளுங்க. எல்லாருக்கும் ஒரு ஐடியா வரும். ஒருத்தர் பந்தம் கொளுத்தலாம்பாரு, ஒருத்தர் கல்ல விட்டெறிஞ்சு பாக்கலாம்பாரு, ஒருத்தர் இந்த வம்பே வேணாம் திரும்பிடலாம்பாரு. எல்ஃப்னா என்ன, நோல்னா என்னன்னு தெரியாத ஆளுக்கு கூட புதையலுக்குப் பக்கத்துல பூதம் உக்காந்திருக்கும்னு தெரியும்ல, நம்ம பாட்டி சொன்ன கதையெல்லாம் வேற என்ன?

இன்னொண்ணு, இப்ப வர்றவங்க முக்கால்வாசி பேர் கிரிட்டிக்கல் ரோல் மாதிரி ஷோ பாத்துட்டு வர்றாங்க. அது தொழில்முறை வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட்டுங்க 2015லேர்ந்து பண்ற நிகழ்ச்சி, குரல மாத்துறது என்ன, அழுவுறது என்ன. நல்லாதான் இருக்கும், ஆனா அத பாத்துட்டு "எனக்கு நடிக்க வராதுங்க, நான் சும்மா உக்காந்து பாக்கறேன்"னு ஒதுங்குறவங்க நெறைய. கோப்ளின் குகையில யாரும் நடிக்க வேணாம். கதவுல காத வெச்சு கேக்கறேன்னு சொன்னா போதும்.

எங்க டேபிள்ல நடந்தத சொல்றேன். கோப்ளின் குகையில ஒரு ஏற்பாடு உண்டு, பக்கத்து குகையில ஓகர்ங்கிற ஒரு ராட்சசன் தனியா குடியிருக்கான், ஆள் மலை மாதிரி இருப்பான். வெளியாள் உள்ள வந்துட்டா காவல் கோப்ளின்ங்க "பிரீ-யார்க்"னு கத்திக்கிட்டே ரகசிய கதவத் தொறந்து 250 தங்கக் காசு உள்ள ஒரு மூட்டைய அவன் பக்கம் தூக்கிப் போடுவாங்க, அவன் காச வாங்கிக்கிட்டு சண்டைக்கு வருவான். புக்குல உள்ளபடியே நானும் பண்ணேன். என் சித்தி பொண்ணு, காலேஜ் படிக்கிறா, அன்னிக்குதான் முதல் தடவ விளையாட வந்திருக்கா, திருடி கேரக்டர், மொத்தமே மூணோ நாலோ ஹிட் பாயின்ட், அடி வாங்க வாங்க கொறையும், தீந்தா உசுரு போச்சு. மத்தவங்க எல்லாம் கத்திய உருவிட்டாங்க. இவ மட்டும் "அண்ணா, அந்த தடியன் காசுக்குத்தான வந்தான்? அவங்க எவ்ளோ குடுத்தாங்கன்னு கேக்கறேன், நாங்க மேல போட்டுத் தர்றோம்"ங்கறா.

ஓகர்கிட்ட பேரம். இவங்க கையில பத்து காசு கூட தேறாது.

மோல்ட்வே புக்குல, எதிர்ல வர்றவன் எப்படி நடந்துப்பான்னு பாக்க ஒரு பட்டியல் இருக்கு, ரெண்டு ஆறு பக்க டைஸ உருட்டணும், 2 விழுந்தா பேச்சே கெடையாது அடிதான், 12 விழுந்தா கட்டிப்புடிச்சிக்காத குறையா நட்பு, நடுவுல விழுறதுக்கு ஏத்த மாதிரி முறைப்பாங்க, யோசிப்பாங்க, போயிடுவாங்க. அவளுக்கு 9. 9லேர்ந்து 11 வரைக்கும் அடிக்க மாட்டான், சொல்றத காது குடுத்து கேப்பான். "கோப்ளின் வெச்சிருக்குற மிச்ச காசையும் நீயே எடுத்துக்க, வழிய விடு"ன்னு அவ சொல்ல, ஓகர் திரும்பி கோப்ளின்ங்கள பாத்தான். அதுக்கப்புறம் கோப்ளின் பக்கம் மொரேல் ரோல், அதாவது தைரியம் தாங்குதான்னு பாக்குற உருட்டு, அதுவும் ரெண்டு டைஸ்தான், தாங்காம அலறி ஓடிட்டாங்க. ஓரமா உக்காந்து பாக்கறேன்னு சொன்ன ஆபீஸ் நண்பர் ஒருத்தர் அதுக்கப்புறம் "அப்ப நானும் ஏதாவது சொல்லலாமா"ன்னு சேர இழுத்துப் போட்டு உக்காந்துட்டார்.

இதெல்லாம் நான் எழுதி வெச்ச கதையா? ஒரு வரி கூட இல்ல. குகை, காசு மூட்டை, பேராச புடிச்ச ஒரு தடியன், இவ்ளோ சாதாரணமா இருந்ததாலதான் முதல் நாள் வந்த பொண்ணுக்கு எங்க புடிச்சு இழுக்கணும்னு தெரிஞ்சுது.

அந்த பழைய ரூல்ஸும் இதுக்குத்தான் தூண்டும். ஒரு கோப்ளின கொன்னா 5 எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் (இது சேர சேரத்தான் கேரக்டர் லெவல் ஏறும்), ஒரு தங்கக் காச பத்திரமா வெளிய கொண்டு வந்தா 1 பாயின்ட். கணக்கு போடுங்க, அந்த 250 காசு மூட்டை ஒண்ணே 50 கோப்ளினுக்கு சமம். அப்புறம் எவன் சண்ட போடுவான்? திருடலாம், ஏமாத்தலாம், பேசலாம். ரெண்டு கும்பல மோத விட்டுட்டு நடுவுல பூந்து வாரிக்கிட்டு ஓடிடலாம்.

குறை இல்லாமலா? இருக்கு. கோட்டையில இருக்குற ஒரு ஆளுக்கு கூட பேர் கெடையாது, அதிகாரி, பூசாரி, கடைக்காரர்னுதான் போட்டிருக்கும், பேர் எல்லாம் டிஎம் வெச்சிக்கணும். குகைகள்ல பொம்பளைங்க, கொழந்தைங்க எத்தன பேருன்னு வேற கணக்கு எழுதி இருக்கும், அத வெச்சு என்ன பண்ணணும்னு கைகாக்ஸ் நெனச்சாரோ, நான் அத எடுத்துருவேன், முதல் கேம்ல அந்த பஞ்சாயத்து தேவையே இல்ல. அப்புறம் உயிர் போறது. கோபோல்ட் குகையில காலெடுத்து வெச்ச கொஞ்ச தூரத்துலயே குழி. முதல் லெவல் மந்திரவாதிக்கு நாலு பக்க டைஸ்லதான் ஹிட் பாயின்ட், ஒண்ணு விழுந்தா அவ்ளோதான் உசுரு. நான் அந்த டைஸோட முழு எண்ணையும் குடுத்துருவேன், அப்படியும் சாவாங்க. செத்தா என்ன, பத்து நிமிஷத்துல வேற கேரக்டர் ரெடி. ஹாப்கோப்ளின் குகையில கைதிங்க இருக்காங்க, அதுல ஒருத்தன் போர் வீரன், அவன கட்டவுத்து விட்டா, கேரக்டர் செத்தவர் அவன வெச்சிக்கிட்டு மறுபடி கேமுக்குள்ள.

பழசு வேணாம்னா 2014ல வந்த ஸ்டார்ட்டர் செட்ல 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்' இருக்கு. வண்டியில சரக்கு ஏத்திக்கிட்டு போறோம், ரோட்டுல ரெண்டு குதிரை செத்துக் கெடக்கு, புதர்லேர்ந்து கோப்ளின். தடத்த புடிச்சு போனா குகை. உள்ள யீமிக்னு ஒரு கோப்ளின் ஒரு கைதிய வெச்சிக்கிட்டு "எங்க தலைவன முடிச்சிட்டு வா, இவன விடறேன்"னு பேரம் பேசுவான். பாத்தீங்களா, சுத்தி சுத்தி அங்கதான் வருது. 2025ல வந்த புது ஸ்டார்ட்டர் செட்டும் அதே பார்டர்லேண்ட்ஸ் கோட்டைக்கே திரும்பிப் போயிருக்கு.

காசு செலவு பண்ணாம பாக்கணும்னா 'பேசிக் ஃபேண்டஸி'ன்னு தேடுங்க, பழைய ஸ்டைல் ரூல்ஸ், பிடிஎஃப் இலவசம். டைஸ் இல்லன்னா போன்ல ஆப் இருக்கு. ஒரு கிராஃப் நோட்டு மட்டும் வாங்கிடுங்க, ஆடுறவங்கள்ல ஒருத்தர் நீங்க சொல்ல சொல்ல குகைய வரைஞ்சிக்கிட்டே வரணும், அந்த ஆள மட்டும் உங்க பக்கத்து சேர்ல உக்கார வெக்காதீங்க, நீங்க டீ எடுக்கப் போற கேப்ல உங்க மேப்ப எட்டிப் பாத்துருவாங்க.