‘கொடை’யைக் ‘கட்டை’ ஆக்கப்போய்க் கண்டுபிடித்த கர்சர் பிழை

ஓய்வு நேரத்தில் சி மொழியில் ஒரு சின்ன டெக்ஸ்ட் எடிட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரிய வசதிகள் எதுவும் இல்லை: கோப்பைத் திறக்கும், திருத்தும், சேமிக்கும். ஆனால் தமிழில் எழுதும்போது கர்சர் எழுத்துக்கு எழுத்து சரியாக நகர வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். ‘கொ’ என்பது யூனிகோடில் இரண்டு குறிகள், க ஒன்று, ஒகரக் குறி ஒன்று. வலது அம்பை ஒரு தடவை அழுத்தினால் இரண்டையும் சேர்த்துத் தாண்ட வேண்டும், பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கடைசிக் குறி மட்டும் போய் ‘க’ நிற்க வேண்டும். இது இரண்டும் வேலை செய்தது. அப்படித்தான் மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும். வலது அம்பை ஒரு தடவை அழுத்தினால் கர்சர் இரண்டு எழுத்து தாண்டிப் போய் நிற்கும். திரும்ப வந்து அதே இடத்தில் இன்னொரு தடவை முயன்றால் சில சமயம் மறுபடியும் தாவும், சில சமயம் ஒழுங்காக இருக்கும். ஆங்கிலத்தில் எவ்வளவு எழுதிப் பார்த்தாலும் வராது.

முதலில் சந்தேகப்பட்டது கர்சரைச் சிமிட்ட வைக்கும் டைமரை. 530 மில்லிநொடிக்கு ஒரு தடவை அது கர்சரை அழித்து மறுபடி வரைகிறது, வரையும் நேரத்தில் விசை அழுத்தினால் பழைய இடம் கலந்துவிடுகிறதோ என்று நினைத்து சிமிட்டலையே நிறுத்திப் பார்த்தேன். இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் திரும்ப வந்தது. அடுத்து எழுத்துரு. அதிலும் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு வார இறுதி முழுவதும் ஒகரக் குறியின் பின்னால் அலைந்தேன், ஏனென்றால் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுடன் முழு ஒகரக் குறி, அல்லது க-வுடன் எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டிய உரையில் இரண்டாவது வகை கலந்திருக்கிறது, அதனால்தான் எப்போதாவது வருகிறது என்று உறுதியாக நம்பினேன். இரண்டு வகையையும் சோதித்தேன், இரண்டையும் கர்சர் அழகாகத் தாண்டியது. நம்பிக்கை போனது, பிழை போகவில்லை.

பிடி கிடைத்தது ஒரு சொல்லில். ‘கொடை’ என்று எழுதியிருந்தேன், ‘கட்டை’ என்று மாற்ற வேண்டியிருந்தது. ‘கொ’வுக்குப் பக்கத்தில் போய் பேக்ஸ்பேஸ் தட்டினேன், ‘கடை’ ஆனது. அடுத்து என்ன எழுதுவது என்று யோசிக்கும்போது அம்பு விசைகளை இடமும் வலமுமாகத் தட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றும் இடது ஒன்று, வலது ஒன்று. கர்சர் க-வுக்கு அடுத்து நிற்கிறது என்ற நினைப்பில் ‘ட்’ அடித்தேன். ‘கட்டை’ வர வேண்டிய இடத்தில் ஐகாரக் கொம்பு தன் எழுத்தை இழந்து ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றது. கர்சர் ‘டை’யின் நடுவில், ட-வுக்கும் ஐகாரக் குறிக்கும் இடையில் போய் உட்கார்ந்திருக்கிறது!

இனி கையால் தேடிப் பயனில்லை என்று ஒரு சின்ன சோதனை நிரல் எழுதினேன். அது எழுத்து, பேக்ஸ்பேஸ், இடது, வலது இவற்றைக் குருட்டாம்போக்கில் அழுத்தும். அதே விசைகளை ஒரு சாதாரண அரேயிலும் (எழுத்துகளை வரிசையாக வைக்கும் எளிய பட்டியல்) செய்து பார்க்கும், கர்சர் இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லையென்றால் நிற்கும். சில நொடிகளில் நின்றது. மாட்டிய வரிசையில் இருந்து ஒவ்வொரு விசையாக எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டி, கடைசியில் ஏழு விசையாகச் சுருக்கினேன்: க, ஒகரக் குறி, ட, இடது, பேக்ஸ்பேஸ், இடது, வலது. இந்த ஏழையும் அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் பிழை வருகிறது. அந்த நிமிஷத்தில் இருந்து அது ‘எப்போதாவது வரும் பிழை’ இல்லை.

என் எடிட்டர் உரையை வைத்திருப்பது கேப் பஃபரில், ஈமாக்ஸ் எடிட்டரில் இருப்பது போல. ஒரே நீள நினைவகம், நடுவில் ஒரு காலி இடைவெளி. கடைசியாகத் திருத்திய இடத்தில் அந்த இடைவெளி இருக்கும், கர்சரை வெறுமனே நகர்த்தினால் அது நகராது. பேக்ஸ்பேஸ் அழுத்தும்போது பைட்டுகளை நான் அழிப்பதில்லை, இடைவெளியின் தொடக்கத்தை இடப்பக்கம் தள்ளுகிறேன், அவ்வளவுதான். அதனால் அழித்த ஒகரக் குறியின் மூன்று பைட்டுகள், 224, 175, 138, இடைவெளிக்குள் அப்படியே கிடக்கின்றன, அதுவும் சரியாக க-வை ஒட்டி.

வலது அம்புக்கான ஃபங்ஷனில் வேகத்துக்காக ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். எழுத்தின் தொடக்கம் இடைவெளிக்கு முன்னால் இருந்தால் நேரடியாக பாயிண்டரை (நினைவக முகவரியை) எடுத்துப் படிக்கும். தொடக்கத்தை மட்டும்தான் பார்த்தது, எழுத்தின் முடிவு எங்கே என்று பார்க்கவில்லை. க-வைப் படித்தது, அடுத்து இடைவெளிக்குள் செத்துக் கிடந்த ஒகரக் குறியைப் படித்தது, ‘கொ’ என்று நினைத்து ஆறு பைட் தாண்டியது. உண்மையான உரையில் அந்த ஆறு பைட் க-வும் ட-வும். யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தும் குறியும் மூன்று மூன்று பைட் என்பதால் தாவிய இடமும் பிசிறில்லாமல் ஒரு எல்லையில் விழுந்தது. உடைந்த எழுத்து ஏதாவது தெரிந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

மற்ற நேரங்களில் ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இடைவெளி இடப்பக்கம் நகரும்போது உரையை இடைவெளியின் வலப்பக்கம் நகலெடுக்கிறோம், பழைய நகல் இடைவெளியின் தொடக்கத்திலேயே தங்கிவிடும். அது அடுத்து வர வேண்டிய உரையின் அச்சு அசல். ஆக, தப்பான இடத்தைப் படித்தும் சரியான விடை! குறியை அழித்தவுடனே வேறு எழுத்தை அடித்தால் அது பழைய பைட்டுகளின் மேல் எழுதிவிடும், அப்போதும் தெரியாது. ஆங்கிலத்தில் a-வும் b-யும் ஒட்டிக்கொள்வதில்லை, அதனால் இடைவெளியில் என்ன குப்பை கிடந்தாலும் கவலை இல்லை. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவியை ஓட்டியபோது அது ஒன்றும் சொல்லாததற்கும் காரணம் உண்டு: அந்த நினைவகம் என்னுடையது, முறையாக ஒதுக்கியது, ஏற்கெனவே மதிப்பு எழுதியது.

திருத்தம் ஒரு வரிதான். குறுக்கு வழியைத் தூக்கிவிட்டு, இடது அம்பு ஏற்கெனவே செய்வதுபோல ஒவ்வொரு பைட்டையும் இடைவெளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஃபங்ஷன் வழியாகவே படிக்க வைத்தேன். வேகத்தில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கூடவே, சோதனைக்கான பில்டில் (சோதனைக்கென்றே தொகுக்கும் பதிப்பில்) இடைவெளி மாறும் ஒவ்வொரு தடவையும் அதை 255 என்ற பைட்டால் நிரப்புகிறேன். முறையான யூடிஎஃப்-8 உரையில் அந்த பைட் வரவே வராது, எனவே இடைவெளிக்குள் யார் எட்டிப் பார்த்தாலும் நிரல் அங்கேயே நின்றுவிடும். இதைச் சேர்த்தவுடன் இன்னொரு இடமும் மாட்டியது: சொல்லுக்குச் சொல் தாவும் கட்டளையிலும் அதே குறுக்கு வழியை எழுதி வைத்திருந்தேன். அதையும் மாற்றினேன்.

குருட்டாம்போக்குச் சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டேன், காலையில் ஓடிக்கொண்டே இருந்தது. ‘கொடை’யைத் திறந்து, ஒகரத்தை அழித்து, இடது, வலது, ‘ட்’. ‘கட்டை’ வந்தது. அடுத்து ‘க்ஷ’. திரையில் அது ஒரே எழுத்து, யூனிகோடின் எழுத்தெல்லை விதிப்படி க் தனி, ஷ தனி. கர்சர் நடுவில் நிற்க வேண்டுமா கூடாதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.