டமாக்ஸிஃபென் மாத்திரை கைக்கு வர்றதுக்குள்ள நான் பட்ட பாடு

மார்பகப் புற்றுநோய்க்கு பண்ற ஆபரேஷன், கீமோ பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க, அது எனக்கு ஓரளவு நல்லாவே போச்சு. நான் சொல்ல வந்தது நடுவுல கவுன்ட்டர் கவுன்ட்டரா அலைஞ்ச கதை.

ஆபரேஷன் ஒரு இடம், மத்த வைத்தியம் வேற இடம். புது டாக்டர் ஃபைல பொரட்டிட்டு, "ஈஆர், பிஆர், ஹெர்-2 எங்கம்மா?"ன்னார். ஈஆர்னா ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர், பிஆர்னா புரொஜெஸ்டிரோன் ரிசப்டர், ஹெர்-2ங்கறது ஒரு புரதம், கட்டியில இதெல்லாம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட். பழைய ரிப்போர்ட்ல புற்றுநோய்னு மட்டும்தான் இருக்கு, அந்த டெஸ்ட்டே பண்ணல. கட்டி செல்லுல ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் இருந்தாத்தான் ஹார்மோன் மாத்திரை வேலை செய்யும், ஈஸ்ட்ரோஜன் போய் உக்கார வேண்டிய இடத்துல டமாக்ஸிஃபென் முந்தி உக்காந்துக்கும், ரிசப்டரே இல்லன்னா மாத்திரை தின்னும் பிரயோஜனம் இல்ல.

டெஸ்ட்டுக்கு மெழுகு பிளாக் வேணும், அதாவது ஆபரேஷன்ல எடுத்த கட்டிய மெழுகுல பதிச்சு வெச்ச துண்டு. லேப்ல கேட்டா டாக்டர் லெட்டர் கொண்டாங்கன்னாங்க, கொண்டு போனா லெட்டர்ல சீல் இல்லன்னாங்க, சீல் போட்டுட்டு போனா பிளாக் எடுத்துக் குடுக்குறவர் லீவாம். "பேஷன்ட்ட வரச் சொல்லுங்க"ன்னு வேற ஒருத்தர் சொல்றார், நான்தான் சார் பேஷன்ட்டுன்னா ஏற எறங்க பாக்குறார். கடைசில ஜெராக்ஸ், ஆதார் எல்லாத்தையும் மேசைல பரப்பி வெச்சுட்டு நகரவே மாட்டேன்னு நின்னுதான் வாங்கினேன். வாங்குறப்பவே பிளாக்ல இருக்குற நம்பரும் ரிப்போர்ட் நம்பரும் ஒண்ணான்னு பாத்துக்கோங்க. மெழுகுங்க அது, வெயில்ல வண்டி பெட்டிக்குள்ள போட்டுடாதீங்க. ரிசல்ட் ஈஆர் பாசிட்டிவ்.

கீமோ சிஎம்எஃப், மூணு மருந்து சேந்தது. அதுல சி-ங்கறது சைக்ளோஃபாஸ்ஃபமைடு, எம்-ங்கறது மெத்தோட்ரெக்ஸேட், எஃப்-ங்கறது 5-எஃப்யூ. எம், எஃப் ரெண்டுமே செல்ல ஏமாத்துற மருந்து, டிஎன்ஏ கட்ட வேண்டிய சாமான் மாதிரியே வேஷம் போட்டு உள்ள போயி வேலைய நிறுத்திடும். மெத்தோட்ரெக்ஸேட் வேஷம் போடுறது ஃபோலிக் ஆசிட் மாதிரி. இந்த நேரத்துல எங்க ஊரு நர்ஸம்மா, ரத்தம் கம்மியா இருக்கேன்னு பாசமா இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க. அட்டைய திருப்பிப் பாத்தா அதுல ஃபோலிக் ஆசிட்டும் சேந்திருக்கு! டாக்டருக்கு போன் போட்டா, நான் சொல்லாம அத தொடாதேன்னுட்டார். வலி மாத்திரையும் அப்படித்தான், ஐபுப்ரோஃபென் மாதிரி சிலது மெத்தோட்ரெக்ஸேட்ட உடம்ப விட்டுப் போக விடாது, கேக்காம போடாதீங்க.

கீமோ முடிஞ்சு டமாக்ஸிஃபென் தினம் 20 மில்லிகிராம், அஞ்சு வருஷத்துக்கு. அப்ப எனக்கு பீரியட்ஸ் நின்னிருந்துச்சு, இனி கருத்தடை எதுக்குன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. அதான் இல்ல. 1960கள்ல இங்கிலாந்துல ஐசிஐங்கற மருந்து கம்பெனி இந்த டமாக்ஸிஃபெனயே கருத்தடை மாத்திரையாத்தான் கொண்டு வரப் பாத்தாங்களாம், மனுஷங்களுக்குக் குடுத்தா தலைகீழா கருமுட்டைய தூண்டி விட்டுருச்சு. இத சாப்பிடுறப்ப கரு தங்கினா பிள்ளைக்கு ஆபத்து வேற.

சரின்னு குடும்ப நல கவுன்ட்டர்ல போய் நின்னா, முதல்ல நீட்டுனது மாலா-என் கருத்தடை மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் கட்டிக்காரிக்கு அதே ஈஸ்ட்ரோஜன் இருக்குற மாத்திரை! சொன்னதும் "அப்ப சாயா எடுத்துக்கோங்க, இதுல ஹார்மோனே கிடையாது"ன்னாங்க. நெசந்தான், லக்னோல இருக்குற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் (சிடிஆர்ஐ) கண்டுபிடிச்ச கருத்தடை மருந்து அது, ஹார்மோன் இல்ல. ஆனா டமாக்ஸிஃபென் உக்கார்ற அதே ரிசப்டர்லதான் அதுவும் போய் உக்காருது. டாக்டர் ரெண்டும் சேந்து வேணாம், காப்பர்-டி போட்டுக்கோன்னார். அதுக்கும் ஒரு சிஸ்டர் "கேன்சர் இருக்கே, போடலாமா?"ன்னு திருப்பி அனுப்பப் பாத்தாங்க, ஹார்மோன் இல்லாத காப்பர்-டின்னு டாக்டர் கைப்பட எழுதின சீட்ட காட்டினதும்தான் வழி விட்டாங்க. அந்த சீட்ட லேமினேஷன் பண்ணி வெச்சிருக்கேன், சிரிக்காதீங்க.

உடம்பு திகுதிகுன்னு எரியுதுன்னோ மனசு சரியில்லன்னோ வேற டாக்டர்ட்ட போனா டமாக்ஸிஃபென் சாப்பிடுறத முதல்லயே சொல்லிடுங்க, இதுக்கெல்லாம் எழுதிக் குடுக்குற பரோக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் ரெண்டும் கல்லீரல்ல இந்த மாத்திரை வீரியமாகுறத தடுக்கும். வழக்கத்துக்கு மாறா ரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே போயிடுங்க.