வட்டக்கானலில் இருந்து இறங்கும் பாதைகள்: மலையில் ஓட நினைப்பவர்களுக்கு

கொடைக்கானலுக்கு ஓடப் போனேன் என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் ஏரியைச் சுற்றி ஓடியதைத்தான் சொல்கிறார்கள். நல்ல ஓட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. ஒரு சுற்று 5 கிலோமீட்டர் பக்கம் வரும், விடிகிற நேரத்தில் இறங்கிவிட்டால் குதிரைக்காரர்களும் வாடகை சைக்கிள்களும் வருவதற்குள் இரண்டு சுற்று முடித்துவிடலாம். ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கீழே கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் சென்னையில் அசால்ட்டாக ஓடும் வேகத்திலேயே இங்கே மூச்சு வாங்கும். முதல் நாளுக்கு ஏரி போதும், உடம்பு மலைக்குப் பழகட்டும்.

இரண்டாவது நாள் பக்கத்திலிருக்கும் சின்ன ஊரான வட்டக்கானலுக்குப் போங்கள். டவுனிலிருந்து பாம்பார்புரம் வழியாகச் சின்ன தார் ரோடு போகிறது, மெதுவாக ஓடியே போய்விடலாம், கால் சூடாவதற்கு அது சரியாக இருக்கும். வழியில் தெரிகிற சோலையை, அதாவது இந்த மலைக்கே உரிய காட்டை, கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மரங்கள் உயரமில்லாமல், தலை உருண்டு, கிளையெல்லாம் பாசி பிடித்து நிற்கும். அதற்கு அடுத்தே பைன், தைலமரம், வாட்டில் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. ஓடுகிறவருக்கு இந்த வித்தியாசம் காலிலேயே தெரிந்துவிடும். சோலைக்குள் மண் மெத்தென்று ஈரமாக இருக்கும். பைன் மரத்தடியில் காய்ந்த ஊசி இலை கனமாகப் படிந்து கிடக்கும், பார்க்க மெத்தை மாதிரி இருந்தாலும் சரிவில் கால் வைத்தால் அப்படியே வழுக்கும். மழையே பெய்யாத நாளில்கூட வழுக்கும், மறந்துவிடாதீர்கள்.

ஊர் முடிகிற இடத்தில் டால்ஃபின் நோஸ் என்ற பாறை முனைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஆரம்பிக்கிறது, ஆரம்பித்த உடனேயே இறக்கம். இங்கே பாதை என்பதே பாதி வேர்தான். மேல்மண் கரைந்துபோய் மரவேர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படி போல் எழுந்து நிற்கின்றன. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து மிதித்துப் பட்டை உரிந்து, வழவழவென்று ஆகிவிட்ட வேர்கள். மஞ்சு இறங்கிய காலையில் அவற்றின் மேல் ஒரு ஈரப் பூச்சு இருக்கும். வேரின் முதுகில் கால் வைக்காமல் இரண்டு வேருக்கு நடுவில் இருக்கும் மண்ணில் வைக்க வேண்டும், முடியாத இடத்தில் குறுக்காக இல்லாமல் நேராக, முழுப் பாதத்தையும் வைக்க வேண்டும். காலடியைப் பார்த்துக்கொண்டே ஓடினால் தாமதமாகிவிடும், மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்க்க வேண்டும், கால் தானாகவே இடம் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு எட்டும் சின்னதாக, முட்டி லேசாக மடங்கி, கை இரண்டும் கொஞ்சம் அகன்று. உடம்பைப் பின்னால் சாய்த்துப் பிரேக் போட்டுக்கொண்டே இறங்கினால் தொடைத் தசை சீக்கிரம் செத்துவிடும், குதிகாலும் வழுக்கும். மலையில் ஓடுவது என்றால் பலரும் ஏறுவதைத்தான் நினைக்கிறார்கள். ஏறும்போது நல்ல ஓட்டக்காரர்கள்கூடத் தொடையில் கையை ஊன்றிக்கொண்டு நடக்கத்தான் செய்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இறங்குவதுதான் பழகிப் பழகி வரவேண்டிய வித்தை.

எட்டு மணிக்கு மேல் இந்தப் பாதையில் கூட்டம் வந்துவிடும். வழிநெடுகச் சின்னச் சின்னக் கடைகள், பிரெட் ஆம்லெட், மேகி, இஞ்சி டீ. குழந்தைகளோடும் செருப்புக் காலோடும் வருகிறவர்களுக்கு நடுவில் புகுந்து ஓடக் கூடாது, அது அவர்களுக்கு ஆபத்து. ஆகவே சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புங்கள், அல்லது டால்ஃபின் நோஸைத் தாண்டிக் கீழே போய்விடுங்கள். தாண்டியதும் சத்தம் எல்லாம் நின்றுவிடும். அந்தப் பாதைதான் வெள்ளகவி என்ற மலைக் கிராமத்துக்குப் போகிறது.

எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் ஓடுவதற்கு இதைவிட நல்ல பாதை இல்லை. சோலை, பாறை, பிறகு மெல்ல மெல்லக் காபித் தோட்டம், நடுவில் எலுமிச்சையும் பட்டர் ஃப்ரூட் மரமும் என்று இறங்க இறங்கக் காடே மாறிக்கொண்டு வரும். காற்றும் ஸ்வெட்டர் குளிரிலிருந்து வியர்வைக்கு மாறும். ஆனால் அங்கே போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு இது ட்ரெயில், வெள்ளகவிக்காரர்களுக்கு இதுதான் ரோடு. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், விளைச்சல் எல்லாம் தலைச்சுமையாகவும் குதிரை மேலும் வந்து போவது இதில்தான். கட்டில் மாதிரி ஒன்றைக் கட்டி நோயாளியை அதில் தூக்கிக்கொண்டு ஏறியதும் இதில்தான். அவர்கள் வரும்போது நாம் நிற்க வேண்டும், அவர்கள் நமக்காக ஒதுங்கக் கூடாது. நிற்பதிலும் ஒரு முறை இருக்கிறது: பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள், மலைப் பக்கமாக ஒட்டி நில்லுங்கள். குதிரையின் இரண்டு பக்கமும் மூட்டை தொங்கும், அது இடித்தால் நாம் சரிவில் போய்விடுவோம். குதிரையை ஓட்டி வருகிறவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள், "அண்ணே, முன்னால போகலாமா"ன்னு கேட்டால் எங்கே விலகலாம் என்று அவரே சொல்வார்.

ஊர் எல்லையில் ஷூவைக் கழற்ற வேண்டும். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை, ஊரையே சாமி இருக்கும் இடமாகப் பார்க்கிறார்கள், அவ்வளவு சின்ன ஊரில் அத்தனை கோயில்கள். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போய் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டு வாசல்களைப் போட்டோ எடுக்க வேண்டாம். கடையில் டீ குடியுங்கள், ஏதாவது வாங்குங்கள், காசு ஊருக்குள் போகட்டும்.

இந்த மலைக்குக் கார் ரோடு வருவதற்கு முன்னால் கொடைக்கானல் வந்தவர்கள் எல்லோரும் இப்படிக் கால்வழியில்தான் வந்தார்கள். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து வீடு கட்டிய காலத்திலும், 1870களில் ரயில் அம்மையநாயக்கனூர் வரைக்கும் வந்த பிறகும், அடிவாரத்திலிருந்து நடை, குதிரை, இல்லாவிட்டால் டோலி. டோலியில் உட்கார்ந்து வந்தவர்களின் பெயர்கள் பங்களாக்களிலும் சாலைகளிலும் நிற்கின்றன. தூக்கி வந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

வெள்ளகவிக்கு ரோடு கேட்டு ஊர்க்காரர்கள் பல வருடம் போராடியிருக்கிறார்கள். ரோடு வந்தால் பாதையின் அழகு போய்விடும் என்று மலையேறுகிறவர்கள் சிலர் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அந்த வேர்ப்படியில் ஏறவேண்டியிருந்த ஊர் அது. ரோடு அவர்களுக்கு வரட்டும், நாம் ஓட வேறு பாதை இல்லாமல் போய்விடாது.

சரி, பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் பாதிவரை வடகிழக்கு மழை, பாதை ஓடையாகிவிடும், அட்டை ஏறும், அப்போது ஏரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஜனவரியும் பிப்ரவரி ஆரம்பமும்தான் அருமையான நாட்கள், காலையில் கடுங்குளிர், அப்புறம் தெளிவான வெயில். அதற்குப் பிறகு புல் காய்ந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாட்டிக்கொண்டது இதே தேனிப் பக்கத்து மலைகளில்தான். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்பது நின்று யோசிக்க நேரம் தராத விஷயம், எந்த ஓட்டக்காரரும் அதை முந்த முடியாது. அதனால் வனத்துறை பாதையை மூடினால் மூடியதுதான், யாரோ தெரிந்தவர் குறுக்கு வழியில் கூட்டிப்போகிறேன் என்றால் போகாதீர்கள். திறந்திருக்கும் காலத்திலும் எந்தப் பாதைக்கு அனுமதி வேண்டும் என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள், ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டு அவருக்குரிய கூலியைக் கொடுங்கள்.

காட்டுமாடு நிச்சயம் கண்ணில் படும், டவுனுக்குள்ளேயே மேய்கிறதே. வளைவுகளில் நாம் சத்தமில்லாமல் பாய்ந்து வருவதுதான் ஆபத்து, திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்தால் அது மிரளும். மஞ்சு மூடியிருந்தால் பேசிக்கொண்டே, இல்லாவிட்டால் கைதட்டிக்கொண்டே வாருங்கள். எதிரில் நின்றால் ஓட்டத்தை நிறுத்தி மெதுவாகப் பின்வாங்குங்கள், அதுவாக நகரும்வரை காத்திருங்கள், இயர்ஃபோன் வேண்டவே வேண்டாம்.

வெள்ளகவியிலிருந்து அதே வழியில் ஏறித் திரும்பலாம், இல்லாவிட்டால் அடிவாரத்தில் இருக்கும் கும்பக்கரை வரை இறங்கிவிடலாம். முழுசாக இறங்கினால் வட்டக்கானலிலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். கீழ்ப்பாதி வெயில், நிழல் குறைவு, தண்ணீர் இரண்டு லிட்டராவது கையில் இருக்க வேண்டும். கும்பக்கரை அருவியில் வெள்ளம் இருந்தால் குளிக்க விடமாட்டார்கள். அங்கிருந்து பெரியகுளம் போய் தேவதானப்பட்டி, காட்ரோடு வழியாக பஸ்ஸில் மறுபடி மலையேறிவிடலாம். மறுநாள் படி இறங்க முடியாத அளவுக்குத் தொடை வலிக்கும், ஆபீஸுக்கு ஒரு நாள் கூடுதலாகவே லீவு சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.