டீச்சர் கிழித்த விலைச்சீட்டு

தையல் டீச்சர் போன தை மாதம் காலமானார். டொரண்டோவிலிருந்து என்னால் போக முடியவில்லை. நம் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் வெகுநாளாகக் கேட்கிறார். இப்போது டீச்சரைத் தவிர வேறு யாரைப் பற்றி எழுதுவது?

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட், மாடி அறை, துணியை இழுத்துப் பிடிக்கும் தையல் வளையத்தை மறந்தவர்கள் வராந்தாவில். நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சங்கிலித் தையலும் காம்புத் தையலும் முடிந்ததும் வீட்டிலிருந்து பழைய பட்டுப்புடவை கொண்டுவரச் சொல்வார். அவர் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். புடவையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் பூட்டிக்கொள்ளும் இடத்தை விரலால் தடவ வைப்பார். அதுதான் கோர்வை. குறுக்கு நூலை ஓட்ட, இரண்டு கரைக்கும் உடலுக்கும் தனித்தனியாக மூன்று நாடா. தறியில் ஒருவர், துணைக்குப் பக்கத்தில் இன்னொருவர். தாழம்பூ ரேக்கு, மயில்கண், வைர ஊசி என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் சொல்லி, கட்டம் போட்ட நோட்டில் வரையச் சொல்வார். அம்மாவின் கல்யாணப் புடவைக் கரை முழுவதையும் நான் அப்படி வரைந்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களை ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்குக் கூட்டிப்போனார். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய ஓவியர் கிராமம். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி செய்து விற்ற பணம் அதற்கு எப்படிக் கைகொடுத்தது என்பதைத்தான் டீச்சர் அங்கே அதிக நேரம் விளக்கினார். "படம் வரையறதுக்கு முதல்ல சோறு வேணும். யாரையும் கேக்காம அவங்க கையாலயே சம்பாதிச்சாங்க, பாத்தீங்களா?"

அடுத்த வருடக் கண்காட்சியில் நான் வைத்தது மாங்காய்க் கரை போட்ட மேஜைவிரிப்பு. எல்லோரையும் போல நானும் 15 ரூபாய் என்று சீட்டு எழுதிக் குத்தியிருந்தேன். பெற்றோர் கூட்டம் சுற்றி நிற்க, டீச்சர் என்னைக் கரும்பலகை அருகே நிறுத்தினார். துணி எவ்வளவு, நூல்கண்டு எவ்வளவு, எத்தனை சாயங்காலம் உட்கார்ந்தாய் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கூலியைச் சேர்ப்பதற்கு முன்பே கணக்கு 15ஐத் தாண்டிவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். சீட்டைக் கிழித்துப் போட்டார். "உன் கைக்கு நீ விலை போடலேன்னா வேற எவனாவது போடுவான்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். அத்தனை பேர் முன்னால் அதைச் செய்திருக்க வேண்டாம் என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் எழுதிய புது விலைக்கு யாரும் வாங்கவில்லை. அந்த விரிப்பு வெகுகாலம் எங்கள் வீட்டு டி.வி. மேல் கிடந்தது.

அப்புறம் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் துணி வடிவமைப்பு படித்தேன், ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மெட்ராஸ் கட்டம் போட்ட துணிகளுக்கு வடிவம் வரைந்து கொடுப்பேன். அவை என்ன விலைக்குப் போயின என்று அங்கே யாரும் சொன்னதில்லை. ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து டீச்சர் போட்ட அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வேலையை விட்டேன்.

புரசைவாக்கத்தில் மாடியறை, ஒரு மேஜை, வரைபடத் தாள். நான் வரையும் புடவை வடிவத்தை அட்டையில் துளையாக அடிப்பவரிடம் கொடுப்பேன். அந்த அட்டைகளைக் கோர்த்து, வடிவத்துக்கு ஏற்ப நூலைத் தூக்கும் ஜக்கார்டில் ஏற்றி, பிள்ளையார்பாளையத்தில் நெய்வார்கள். கோடவுன் தெரு ஜவுளி வியாபாரிகள் பாதி விலைக்குக் கேட்டார்கள். என் கணக்கில் முதல் வரி நெய்பவர் கூலி, அதைக் குறைக்க முடியாது என்று திரும்பி வந்தேன். மெல்ல மெல்ல, வீடு தேடி வந்து வாங்குகிறவர்கள் கிடைத்தார்கள்.

கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் கிளம்பினோம். தொழிலை விடவில்லை. ஆனால் தறியில் நீள நூலான பாவு போட்டதும் போட்டோ வருகிறது, நிறம் சரியா என்று கேட்கிறார்கள். போட்டோவில் பட்டின் நிறத்தை எப்படிச் சொல்வது? என் கோர்வைத் தறியில் துணைக்கு உட்கார்ந்த பையன் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். நான் ஊரிலேயே இருந்திருந்தால் அவனை நிறுத்தியிருக்க முடியுமா, தெரியாது. முயன்றாவது பார்த்திருப்பேன்.

கடைசியாகப் பார்த்தபோது டீச்சர் என் புடவையைத் திருப்பிக் கோர்வையைத் தடவினார். தறிக்காரருக்கு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன், சரி என்றார். "அங்க யாருக்குக் கத்துக்கொடுக்கறே?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

வரும் பொங்கலிலிருந்து சித்திரை வரை பிள்ளையார்பாளையத்தில் தங்கப்போகிறேன். நம் சங்கத்தில் யார் வீட்டுப் பெண்ணுக்காவது பையனுக்காவது தறியில் துணைக்கு உட்காரப் பிரியம் இருந்தால் அனுப்பி வையுங்கள். தங்க இடம் உண்டு. கற்றுக்கொள்ளும் நாட்களுக்கும் கூலி உண்டு.